இருபது நிமிடம் ஒதுக்கிக் கொடுங்கள்



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்கிறோம்? தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோம். ரசம் சாதம் கரைத்துக் கொடுக்கிறோம். லீவு போடச் சொல்கிறோம். இடுப்பு வலி என்றால்? ‘தைலம் தேய்ச்சுட்டுப் படு, காலைல சரியாப் போயிடும்’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

வலிப்பவரும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. குனிந்து கிரைண்டரிலிருந்து மாவை அள்ளும்போது ஒரு கணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு மிச்ச மாவையும் வழித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வருஷக்கணக்கில் இப்படியே ஓடுகிறது.

இடுப்பு வலியும் கழுத்து வலியும் நம் வீடுகளில் அவ்வளவு சகஜமாகிவிட்டன. உலகக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. 2020-ல் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு இருந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2050-ல் இது 84.3 கோடியாகும் என்பது அவர்கள் கணிப்பு. மனிதர்களை வேலை செய்யவிடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால், இந்த வலிக்கு நாம் எடுத்துக்கொள்ளும் வைத்தியத்தைப் பாருங்கள். முதலில் தைலம். அடுத்து மெடிக்கல் ஷாப்பில் ‘இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க’. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பெல்ட். பிறகு ஸ்கேன். கடைசியில், ‘பிசியோதெரபி பத்து சிட்டிங் எழுதிக் குடுத்திருக்காங்க’ என்ற கட்டம். அதிலும் நாலு சிட்டிங் போனதும் ஏதாவது விசேஷம் வந்துவிடும். அதோடு நின்றுவிடும்.

முதலில் வரவேண்டியது கடைசியில் வருகிறது. வந்தும் பாதியில் நின்றுவிடுகிறது. இந்த இதழில் இதைப் பற்றித்தான் உங்களோடு மனம்விட்டுப் பேச நினைக்கிறேன்.

பிசியோதெரபி என்றதும் உங்கள் மனதில் என்ன படம் வருகிறது? ஒரு அறை, ஒரு கட்டில், குப்புறப் படுத்திருப்பவர் இடுப்பில் நான்கு பேடுகள், பக்கத்தில் ஒரு மெஷின். ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்று சொல்வோமே, அது. கால் மணி நேரம் சுறுசுறுவென்று இதமாக இருக்கும். எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

அந்த இதம் பொய்யில்லை. வலியோடு வந்தவருக்குக் கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைப்பதில் தவறும் இல்லை. ஆனால், அதுதான் வைத்தியம் என்று நாம் நம்பிவிட்டோம். அங்கேதான் சிக்கல். நாள்பட்ட இடுப்பு வலியை எப்படிக் கையாள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான விளக்கம், மனதுக்கான ஆலோசனை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. மசாஜையும் ஒரு துணையாக ஏற்றுக்கொள்கிறது. இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோலின் வழியே லேசான கரண்ட் கொடுக்கும் டென்ஸ், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

கவனியுங்கள், நாம் பணம் கட்டி வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலில் இருப்பவற்றைத்தான்.

அப்படியானால் பிசியோதெரபிஸ்ட் எதற்கு? யூடியூபில் ஆயிரம் பயிற்சிகள் இருக்கின்றனவே, பார்த்துச் செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு நியூசிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும்.

1956-ல் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்ற இளம் பிசியோதெரபிஸ்ட் கிளினிக் வைத்திருந்தார். அவரிடம் காலில் இறங்கும் வலியோடு ஸ்மித் என்பவர் வந்துகொண்டிருந்தார். பல நாளாகியும் குணமில்லை. ஒருநாள் அவரை அறைக்குள் போய்க் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு மெக்கன்சி வேறு வேலையில் இருந்துவிட்டார். அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் முந்தைய நோயாளிக்காக உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை. ஸ்மித் அப்படியே ஏறிப் படுத்துக்கொண்டார். இடுப்பு பின்பக்கமாக நன்றாக வளைந்திருந்தது.

திரும்பி வந்து பார்த்த மெக்கன்சி பதறிப்போனார். இடுப்பு வலிக்காரரை இப்படிப் பின்னால் வளைய விடுவது ஆபத்து என்பதுதான் அந்தக் காலத்துப் பாடம். ஆனால் ஸ்மித், கால் வலி போய்விட்டது என்றார். இத்தனை நாளில் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை என்றார். அதிலிருந்துதான் மெக்கன்சி ஒவ்வொரு நோயாளியையும் எந்தப் பக்கம் அசைத்தால் வலி குறைகிறது, எந்தப் பக்கம் அசைத்தால் கூடுகிறது என்று கவனித்துக் குறித்துவைக்க ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்க அவர் பெயரில் ஒரு முறையே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் இன்றைக்கே குப்புறப் படுத்து முதுகை வளைக்க வேண்டாம்! ஸ்மித்துக்குச் சுகம் தந்த அதே அசைவு, முதுகுத் தண்டில் நரம்பு போகும் பாதை குறுகிவிட்ட ஒரு பெரியவருக்கு வலியைக் கூட்டிவிடும். அவருக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் இதம். இரண்டு பேர் சொல்வதும் ‘இடுப்பு வலி, கால்ல இறங்குது’ என்ற ஒரே வார்த்தைதான். பயிற்சி மட்டும் நேர் எதிர். இதை யூடியூப் எப்படிக் கண்டுபிடித்துச் சொல்லும்?

உங்களைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, பக்கவாட்டில் சாயச் சொல்லி, குதிகாலில் நடக்கச் சொல்லி, காலை நீட்டித் தூக்கிப் பார்த்து, எது உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் பிசியோதெரபிஸ்ட். நாலு வருஷம் படித்து, அதன்பின் இன்டர்ன்ஷிப்பும் முடித்து வருகிறவர்கள் இவர்கள். ஆஸ்பத்திரிகளில் பக்கவாதம் வந்தவரை நடக்க வைப்பதிலிருந்து மூட்டு ஆபரேஷன் ஆனவரை மாடிப்படி ஏற வைப்பதுவரை இவர்கள் கை படாத இடமில்லை. மருத்துவம் சார்ந்த இத்தகைய தொழில்களுக்கென்றே 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே, போகுமிடத்தில் பட்டம் என்ன என்று கேட்கத் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. முதல் நாளே உங்களைச் சோதித்துப் பார்க்காமல் நேராகக் கட்டிலில் படுக்கச் சொல்லி மெஷினை மாட்டினால், ‘எனக்கு என்ன பயிற்சி? வீட்டில் எப்படிச் செய்வது?’ என்று கேளுங்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். பதில் வராத இடத்தில் பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

அடுத்து ஸ்கேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் வலியைவிட ஸ்கேன் ரிப்போர்ட்டால் படுத்துவிட்டவர்கள் நம்மிடையே அதிகம்.

‘டிஸ்க் பல்ஜ்’, ‘தேய்மானம்’ என்று ரிப்போர்ட்டில் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் வீடே கலங்கிப்போகிறது. ‘ஜவ்வு விலகிடுச்சாம்’, ‘எலும்பு தேஞ்சுடுச்சாம்’. இனிமேல் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, கீழே உட்காரக்கூடாது என்று ஊரே சட்டம் போடுகிறது. நாற்பது வயதில் ஒருவர் தன்னை நோயாளியாக எழுதிக்கொண்டுவிடுகிறார்.

2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு நாம் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டியது. முதுகு வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களை அலசினார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். டிஸ்க் பல்ஜ், இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது. திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை! தலைமுடி நரைப்பதுபோல டிஸ்க்கும் வயதாக ஆக வற்றும். பல நேரம் அது வெறும் வயதின் அடையாளம்தான்.

நிஜமாகவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் வேதனை கொடியது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால், அப்படிப் பிதுங்கியதும்கூட பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது. அந்த மாதங்களை எப்படிக் கடப்பது என்பதற்குத்தான் மருந்தும் பயிற்சியும். ஆபரேஷன் கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் குறைவு. அவர்களை டாக்டர் அடையாளம் கண்டு சொல்வார்.

யார் உடனே டாக்டரிடம் ஓடவேண்டும்? இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் வரவில்லை அல்லது கட்டுப்பாடில்லாமல் போகிறது, மலம் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, கால் வலுவிழந்து இழுக்கிறது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் உடல் இளைப்பு, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவையும் டாக்டரிடம் சொல்லவேண்டியவை. முதுகெலும்பில் வரும் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் லேசாக வழுக்கி உட்கார்ந்ததும் முதுகில் கடும் வலி வந்தால், எலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும்.

கழுத்து வலியோடு சட்டைப் பட்டன் போடத் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றாலும் தாமதிக்காதீர்கள். கழுத்து, இடது தோள், தாடை வலியோடு வியர்த்துக் கொட்டினால் அது வாயுப் பிடிப்பு என்று வெந்நீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இதயத்தைப் பார்க்கவேண்டும்.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் மனதைத் தளர விடாதீர்கள். புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும்.

‘குறையும்வரை அசையாமல் படுத்திரு’ என்று சொல்வார்கள் இல்லையா? அந்தக் காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1986-ல் ரிச்சர்ட் டேயோ என்ற அமெரிக்க டாக்டரும் அவரது குழுவும் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரை இரண்டு நாள் படுக்கையிலும், இன்னொரு சாராரை ஏழு நாள் படுக்கையிலும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. முடிந்த அளவு நடமாடுங்கள், வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், படுக்கையாகிவிடாதீர்கள்.

பெல்ட்டும் காலரும் இப்படித்தான். ஒரு நீண்ட பஸ் பயணத்துக்கு, வலி உச்சத்தில் இருக்கும் ஒன்றிரண்டு நாளுக்கு டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் தாங்கவேண்டிய தசைக்கு வேலையே இல்லாமல் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.பி., சுகர், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் இருப்பவர்கள் வாரக்கணக்கில் அதை விழுங்கினால் இடுப்பைக் காப்பாற்றப்போய்ச் சிறுநீரகத்தைப் பறிகொடுக்க நேரும். வீட்டில் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் மடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தக் கழுத்தெலும்புகளுக்குள் புகுந்துதான் மேலே போகின்றன. அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இனி நம் வாசகியர் பலர் மனதில் இருக்கும் ஒரு விஷயம். ‘சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னிலேர்ந்து இடுப்பு வலி’. இதைச் சொல்லாத வீடு உண்டா? பாட்டி முதல் பேத்திவரை இதை நம்புகிறோம். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலிக்கும், அது உண்மை. ஆனால் வருஷக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பில்லை என்பதைப் பல ஆய்வுகள் பார்த்துச் சொல்லிவிட்டன. ஊசி போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறதே!

காரணம் வேறு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் இடுப்பெலும்பின் மூட்டுகளைத் தளர்த்துகின்றன. வயிற்றுத் தசை இழுபட்டு வலுவிழக்கிறது. முதுகை முன்னாலிருந்து தாங்க வேண்டியதே அந்தத் தசைதான். அது தேறுவதற்குள் என்ன ஆகிறது? ராத்திரி மூன்று முறை எழுந்து, சுவரில் சாயாமல், கழுத்தையும் முதுகையும் வளைத்துக் குழந்தையை நோக்கிக் குனிந்து பால் கொடுக்கிறோம். தரையில் கிடக்கும் குழந்தையைக் குனிந்து தூக்குகிறோம். ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கிறோம். தண்ணீர்க் குடமும் அதே இடுப்பில்தான்.

ஊசிமேல் பழியைப் போட்டுவிட்டதால், ‘இது இப்படித்தான் இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது’ என்று விட்டுவிடுகிறோம். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வலுவிழந்த தசையை மறுபடி வலுவாக்க முடியும். பிரசவம் ஆன பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம். டாக்டர் அனுமதித்த பிறகு செய்யவேண்டிய வயிறு, இடுப்புப் பயிற்சிகளைப் பற்றி யாராவது சொல்லிக்கொடுக்கிறோமா? பால் கொடுக்கும்போது மடியில் ஒரு தலையணை வைத்துக் குழந்தையை மேலே உயர்த்திக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாலே பாதி பாரம் குறையும்.

வேலைதான் வலியைத் தருகிறது என்ற வீடுகளும் உண்டு. திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் நாளெல்லாம் கழுத்தைக் கவிழ்த்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றுகிறவர், வயலில் நாற்று நடுகிறவர், மேடு பள்ளச் சாலையில் டூவீலரில் பார்சல் சுமக்கும் பையன், கட்டில்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கும் பெண். இவர்களிடம் ‘நிமிர்ந்து உட்காருங்கள்’ என்று உபதேசம் செய்வது சுலபம். நாள் பூராவும் நிமிர்ந்தே இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும். ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பதுதான் உடம்புக்கு ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவது, விலை உயர்ந்த நாற்காலியைவிடப் பலன் தரும்.

கழுத்துக்கும் இதே கதைதான். நம் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்புகள்மேல் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. போனைப் பார்க்கக் கவிழும்போது அதை இழுத்துப் பிடித்திருக்கும் வேலை பிடரித் தசைகளுக்கு வந்துவிடுகிறது. அஞ்சு நிமிஷம் பிடிக்கும். இரண்டு மணி நேரம்? மோவாயைப் பின்னால் இழுத்து ‘இரட்டைத் தாடை’ வரவைப்பது, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்துச் சில நொடி பிடிப்பது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாமல் மெல்ல அழுத்துவது ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட்டுகள் கழுத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடியவை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பீரோவின் பக்கத்தில் ஸ்கேன் படம் வைத்த பெரிய பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் கையை விட்டுப் பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த, நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள் கிடைக்கும். அதில் கோட்டுச் சித்திரமாக ஒரு மனித உருவம், மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என்று பல நிலைகளில். மூன்று நான்கு படங்களுக்கு மட்டும் பேனாவால் டிக் அடித்து, பக்கத்தில் ‘10 தடவை, காலை, மாலை’ என்று எழுதியிருக்கும். டிக் அடித்த படங்களில் ஒன்று அநேகமாக இதுவாக இருக்கும்: மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெதுவாகத் தூக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குவது.

அந்தத் தாள்தான் வைத்தியம். கிளினிக்கில் நடந்ததெல்லாம் அதற்கு முன்னுரை.

இடுப்பைத் தூக்கி நிறுத்தும் அந்த ஐந்து நொடியில் பிட்டத்துத் தசையும் தொடையின் பின் தசையும் முதுகுத் தசையும் ஒன்றாக வேலை செய்கின்றன. முதல் வாரம் கால் நடுங்கும். மூன்றாவது வாரம் நடுக்கம் குறையும். ஆறு, எட்டு வாரம் தொடர்ந்தால் பக்கெட்டைத் தூக்கும்போது வித்தியாசம் தெரியும். தசை வலுவாக அவ்வளவு நாள் பிடிக்கும். பத்து சிட்டிங்கில் அதை யாரும் நமக்காகச் செய்துகொடுக்க முடியாது.

செய்யும்போது வலித்தால் நிறுத்திவிடலாமா? எல்லோரும் கேட்கும் கேள்வி. புதிதாக வேலை கொடுத்த தசையில் லேசான வலி இருக்கும். மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. வலி கீழே காலுக்கு இறங்கிக்கொண்டே போனால், மரத்துப்போவது கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது பெரும்பாலும் நல்ல அறிகுறிதான்.

வலி போன பிறகு? தாளும் போய்விடுகிறது. வலி திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இடுப்பு வலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2024-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக நடைப்பயிற்சி. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்பது இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர, சராசரியாக 208 நாள் ஆனது. நடைப்பயிற்சி தரப்படாதவர்களுக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. நடப்பதற்கு என்ன செலவு?

பணச் செலவு இல்லைதான். நேரம்தான் செலவு. அங்கேதான் நம் வீடுகளைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் காய்ச்சி, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, தானும் வேலைக்கு ஓடுகிற பெண்ணிடம் ‘எக்ஸர்சைஸ் பண்ணினியா?’ என்று கேட்பது எளிது. அவர் எப்போது பண்ணுவார்? பாயை விரித்து மல்லாந்து படுத்தால் ‘காலங்காத்தால என்ன படுத்துட்டே?’ என்று ஒரு குரல் வரும். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். பிள்ளை சாக்ஸைத் தேடும். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர் விட்டுவிடுவார். பிறகு, ‘எத்தனை சொன்னாலும் செய்யமாட்டேங்கறா’ என்ற பேச்சும் அவருக்கே.

ஆண்களும் தப்பவில்லை. ஓட்டுநராக, லோடுமேனாக, கடையில் நின்றபடி வேலை செய்கிறவர்கள் பலர் வலியை வீட்டில் சொல்வதேயில்லை. சொன்னால் வேலைக்குப் போகாதே என்பார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லை. அவர்களுக்கும் பயிற்சி செய்ய ஒரு இருபது நிமிடம் வேண்டும்.

ஒருவருடைய இடுப்பு வலி குணமாக, வீட்டில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் நேரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும். மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கிளினிக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் உதவிதான். அதைவிடப் பெரிய உதவி, ‘நீ பயிற்சியை முடி, டிபன் பாக்ஸ் நான் கட்டுகிறேன்’ என்பது. கிரைண்டரில் மாவு அள்ள, கேஸ் சிலிண்டரை நகர்த்த, தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்க்க வீட்டில் வேறு கைகள் இல்லையா என்ன?

கிளினிக் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் சில நூறு ரூபாய் என்றால், பத்து சிட்டிங் என்பது பல குடும்பங்களுக்குக் கனமான தொகை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கைகொடுக்கிறது; வெளிநோயாளியாக எடுக்கும் பிசியோதெரபிக்குப் பல பாலிசிகளில் பணம் வராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

தனியார் கிளினிக்தான் வசதி என்றால், முதல் நாளே பேசிவிடுங்கள். ‘என்னால் தினமும் வர முடியாது, பயிற்சியைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள், வாரம் ஒருமுறை வந்து காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர் சொல்லித்தரும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய், அவர் அனுமதியோடு செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தாளைவிட அது தெளிவு.

யோகா செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதுவும் நல்லதே. ஆனால், வலி கடுமையாக இருக்கும்போது டி.வி.யைப் பார்த்துப் புது ஆசனம் எதையும் தொடங்கவேண்டாம். உங்கள் வலியைப் பற்றித் தெரிந்த ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் வலியோடு வேலை பார்ப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேளுங்கள்: காலையா, மாலையா, எந்த இருபது நிமிடம் வசதி? அந்த நேரத்துக்கு அவர் செய்யும் வேலைகளில் எதை யார் எடுத்துக்கொள்வது என்று அப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் தவறாமல் கொடுத்துப் பாருங்கள். என்ன மாற்றம் தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்